பிரித்துக் கட்டிய எஞ்சின் ஸ்டார்ட் ஆகவில்லையா? முதலில் செல்ஃப் அடிப்பதை நிறுத்துங்கள்

வாரக்கணக்கில் கையெல்லாம் கிரீஸாக உட்கார்ந்து, ரிங் மாற்றி, பேரிங் மாற்றி, ஹெட்டை ஏற்றி, டார்க் ரெஞ்சில் ஒவ்வொரு போல்ட்டையும் அளவு பார்த்து இறுக்கி, கடைசியில் சாவியைத் திருப்பினால் எஞ்சின் சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது, ஆனால் பிடிக்க மாட்டேன் என்கிறது. அப்போது எல்லோரும் செய்வது ஒன்றுதான். இன்னொரு தடவை அடித்துப் பார்ப்போம், இன்னும் ஒரே ஒரு தடவை என்று பேட்டரி படுக்கும்வரை அடிப்பது.

பழைய எஞ்சினில் இப்படிச் செய்தால் பேட்டரியும் செல்ஃப் மோட்டாரும்தான் அடிவாங்கும். புதிதாகக் கட்டியதில் சேதம் உள்ளே போகிறது. மாட்டும்போது கேமிலும் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) பேரிங்கிலும் தடவிய கிரீஸ் மாதிரியான பூச்சு முதல் சில நிமிடங்களுக்கு மட்டும்தான் தாங்கும். செல்ஃப் வேகத்தில் கேமுக்குப் போதுமான ஆயில் தெறிக்காது, பூச்சு வழித்துப் போனபின் கேமும் டேப்பட்டும் (கேமின் தள்ளலை வால்வுக்குக் கடத்தும் துண்டு) உலோகத்தோடு உலோகமாக உரசும். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயிலைக் கழுவி இறக்கிவிடும், இன்னும் படியாத புது ரிங்குகள் வறண்ட சுவரில் ஓடும். கழுவிய பெட்ரோல் கடைசியில் ஆயில் சம்பில்தான் போய்ச் சேருகிறது. ஆகவே ஒரு தடவைக்கு 10 விநாடிக்கு மேல் அடிக்க வேண்டாம், நடுவில் ஒன்றிரண்டு நிமிடம் ஆற விடுங்கள், மூன்று நான்கு முயற்சியில் பிடிக்கவில்லை என்றால் சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். இனி வேலை கையாலும் மீட்டராலும்தான்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். எஞ்சினைக் கழற்றுவதற்கு முன் அது எப்படியோ ஓடிக்கொண்டிருந்தது என்றால், காயிலும் (ஸ்பார்க்குக்கு வோல்ட்டை ஏற்றித் தரும் சுருள்) பெட்ரோல் பம்ப்பும் இசியூவும் (எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டர்) ஷெட்டில் சும்மா இருந்தபோதே கெட்டுப்போயிருக்க வாய்ப்பு குறைவு. உங்கள் கை பட்ட இடத்தில்தான் தப்பு இருக்கும். இதை ஒத்துக்கொள்ள மனசு வராது, எனக்கும் வராது. ஆனால் புதுக் காயில், புது பம்ப், புது சென்சார் என்று ஒவ்வொன்றாக வாங்கி மாட்டிவிட்டு, கடைசியில் தானே மாட்ட மறந்த ஒரு எர்த் ஒயரைக் கண்டுபிடித்தவர்கள் ஏராளம். நானும் அதில் ஒருவன்.

முதலில் காதைக் கொடுங்கள்

செல்ஃப் அடிக்கும்போது வரும் சத்தமே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். நல்ல எஞ்சின் தாளத்தோடு சுற்றும், ஒவ்வொரு கம்ப்ரஷனுக்கும், அதாவது பிஸ்டன் காற்றை அழுத்தும் ஒவ்வொரு தடவைக்கும், ஒரு சின்ன அழுத்தம் காதில் விழும். அந்தத் தாளமே இல்லாமல் மின்விசிறி மாதிரி லேசாக, வேகமாகச் சுற்றினால் எந்த சிலிண்டரிலும் கம்ப்ரஷன் இல்லை. தாளத்தில் ஒரு இடம் மட்டும் வழுக்கிப் போனால் ஒரு சிலிண்டரில் பிரச்சினை. கார்புரேட்டர் வழியாக டப் என்று திருப்பி அடித்தாலோ சைலன்சரில் வெடித்தாலோ, சந்தோஷப்படுங்கள், பெட்ரோலும் இருக்கிறது, ஸ்பார்க்கும் இருக்கிறது, நேரம்தான் தப்பு. செல்ஃப் சுற்றும்போதே யாரோ பிடித்துப் பின்னால் இழுப்பதுபோல் உதைத்தால் ஸ்பார்க் ரொம்ப முன்னாடி விழுகிறது. சுத்தமாகச் சுற்றுகிறது, ஒரு இருமல்கூட இல்லை என்றால் ஸ்பார்க்கோ பெட்ரோலோ அடியோடு இல்லை.

செல்ஃபே சுற்றவில்லை என்றால்

செல்ஃப் மோட்டாரைக் குறை சொல்வதற்கு முன் பிளக் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் பெரிய தண்டு) புல்லி போல்ட்டில் சாக்கெட் போட்டு, எஞ்சின் ஓடும் திசையிலேயே கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். புது ரிங், புது பேரிங் என்பதால் கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருக்கும், ஆனால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இறுக்கமாக இருக்க வேண்டும். ஒரு இடத்தில் டக் என்று நின்றால் பலத்தைக் காட்டாதீர்கள். டைமிங் தப்பிப்போய் வால்வு பிஸ்டன் தலையில் மோதுகிறது என்றால், இன்னும் ஒரு இழுப்பில் வால்வு வளைந்துவிடும். முழுக்கவே இறுகிக் கிடந்தால் பேரிங் கேப் இடம் மாறியோ திரும்பியோ மாட்டியிருக்கலாம். ஒவ்வொரு கேப்பும் அதனதன் இடத்துக்கென்றே கடைந்தது, மாற்றி மாட்டினால் பிடித்துக்கொள்ளும். அப்படியானால் சம்பை இறக்குவதைத் தவிர வழியில்லை.

பிளக் இருக்கும்போது நின்று, பிளக் எடுத்ததும் சுற்றி, துளை வழியாகத் தண்ணீரோ பெட்ரோலோ பீய்ச்சினால் சிலிண்டரில் திரவம் நிரம்பியிருக்கிறது. பெட்ரோல் என்றால் கார்புரேட்டர் மிதவையையோ ஒழுகும் இன்ஜெக்டரையோ பாருங்கள். கூலன்ட் என்றால் கேஸ்கெட்டையும் ஹெட்டையும் பாருங்கள். திரவத்தைச் சுருக்க முடியாது, பலம் காட்டினால் கனெக்டிங் ராடுதான் வளையும்.

கையால் நன்றாகச் சுற்றுகிறது, செல்ஃப் மட்டும் முனகுகிறது என்றால் எர்த். எஞ்சினை இறக்கி ஏற்றியவர்கள் மறக்கும் பொருள்களில் முதலிடம் எஞ்சினுக்கும் சேசிஸுக்கும் நடுவே போகும் அந்தத் தட்டை ஒயருக்குத்தான். மறக்காமல் மாட்டியிருந்தாலும், பிளாக்குக்கு அழகாகப் பெயின்ட் அடித்து அந்தப் பெயின்டின் மேலேயே மாட்டியிருப்பீர்கள். சோதிப்பது சுலபம்: மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை பேட்டரியின் மைனஸ் கம்பத்திலும் இன்னொன்றை எஞ்சின் பிளாக்கின் வெறும் இரும்பிலும் வைத்து, ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. அப்படியே பேட்டரியின் இரண்டு கம்பங்களுக்கு நடுவிலும் பாருங்கள், செல்ஃப் அடிக்கும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே போனால் பேட்டரியை சார்ஜ் போட்டுவிட்டு வாருங்கள். பாதி செத்த பேட்டரியோடு மற்ற சோதனைகளைச் செய்தால் எல்லாமே பொய் சொல்லும்.

கம்ப்ரஷன் இருக்கிறதா

பலர் ஸ்பார்க்கிலிருந்து ஆரம்பிப்பார்கள். பிரித்துக் கட்டிய எஞ்சினில் நான் கம்ப்ரஷனிலிருந்துதான் ஆரம்பிப்பேன், காரணம் சாதாரணமானது: பிளக்கைத்தான் ஏற்கெனவே கழற்றியாகிவிட்டதே. தவிர, கம்ப்ரஷன் இல்லை என்றால் மற்ற எதைப் பார்ப்பதும் வீண்.

எல்லா பிளக்கையும் எடுத்து, பெட்ரோலையும் இக்னிஷனையும் துண்டித்து, ஆக்ஸிலேட்டரை முழுக்கத் திறந்து வைத்து, கேஜை மாட்டி, ஊசி ஏறுவது நிற்கும்வரை நான்கைந்து அழுத்தத்துக்கு அடியுங்கள். ஆக்ஸிலேட்டரைத் திறக்க மறந்தால் அளவு குறைத்துக் காட்டி உங்களைப் பயமுறுத்தும். பெட்ரோல் எஞ்சின் பெரும்பாலும் 120 முதல் 180 பிஎஸ்ஐ வரை காட்டும். ரிங் படியாத எஞ்சின் கொஞ்சம் குறைத்துக் காட்டலாம், அது பரவாயில்லை. 100-க்குக் கீழே போனாலும், சிலிண்டருக்கு சிலிண்டர் பெரிய வித்தியாசம் இருந்தாலும் நின்று யோசியுங்கள்.

ஒரு சிலிண்டர் மட்டும் குறைவு என்றால் அதன் துளையில் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி அளவு பாருங்கள். அளவு ஏறினால் ரிங் பக்கம் கசிவு, பல நேரம் பெட்ரோல் கழுவிய வறட்சியாகவே இருக்கும், ஆயில் விட்டதிலேயே சரியாகிவிடும். ஏறவில்லை என்றால் வால்வு அல்லது கேஸ்கெட். புதிதாகக் கட்டியதில் வால்வு என்றால் முதல் சந்தேகம் டேப்பட் இடைவெளி. இடைவெளியே இல்லாமல் இறுக்கிவிட்டால் வால்வு முழுசாக மூடாது, கம்ப்ரஷன் அந்த வழியாகவே போய்விடும். ஹைட்ராலிக் டேப்பட்டில் இது இன்னும் ஏமாற்றும், ஆயில் ஏறாத வெறும் டேப்பட்டை வைத்து ராக்கரை (வால்வை அழுத்தித் திறக்கும் கை) அதிகமாக இறக்கிவிட்டிருந்தால், ஆயில் ஏறியதும் அது நிமிர்ந்து வால்வைத் திறந்தே பிடித்துக்கொள்ளும். அதனால் முதல் நாள் கம்ப்ரஷன் இருந்து மறுநாள் காணாமல் போகும், மனிதன் குழம்பிப் போவான்.

எந்த வழியாகக் கசிகிறது என்று தெரிய வேண்டுமானால், அந்த சிலிண்டரை இரண்டு வால்வும் மூடிய மேல் உச்சியில் நிறுத்தி, வண்டி நகராமலும் கிராங்க் திரும்பாமலும் பார்த்துக்கொண்டு, பிளக் துளை வழியாகக் காற்று ஏற்றுங்கள். சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, கார்புரேட்டரில் சீறினால் இன்டேக் வால்வு, ஆயில் ஊற்றும் வாயில் சீறினால் ரிங், ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கெட்.

எல்லா சிலிண்டரிலும் ஒரே மாதிரி குறைவு என்றால் ரிங்கைச் சந்தேகிக்காதீர்கள், நான்கும் ஒன்றாகக் கெட்டுப்போகாது. கேம் டைமிங் தப்பியிருக்கும், அல்லது காற்றே உள்ளே போகவில்லை. நான் ஒரு தடவை அரை நாள் இதில் மண்டையை உடைத்துக்கொண்டேன். நான்கு சிலிண்டரும் சமமாகக் குறைவு, டைமிங் குறிகள் கச்சிதம். கடைசியில் பார்த்தால், தூசி விழக்கூடாதென்று இன்டேக் வாயில் நானே திணித்து வைத்த துணியின் மேலேயே கார்புரேட்டரைக் கட்டியிருக்கிறேன். அன்றிலிருந்து சிவப்புத் துணி மட்டும்தான், அதுவும் வால் வெளியே தொங்க வேண்டும்.

டைமிங் குறி

செயினோ பெல்ட்டோ மாட்டியதும் கையால் இரண்டு சுற்று சுற்றி மறுபடி குறி பார்க்க வேண்டும், இது எல்லோருக்கும் தெரியும். பலருக்குத் தெரியாதது, செயினில் இருக்கும் கலர் கண்ணிகள் இரண்டு சுற்றில் மறுபடி சேர்ந்து வராது. கண்ணிகளின் எண்ணிக்கையும் பற்களின் எண்ணிக்கையும் வேறு என்பதால் பல சுற்றுக்கு அப்புறம்தான் அவை பழைய இடத்துக்கு வரும். சேரவில்லையே என்று பதறி மறுபடி பிரிக்க வேண்டாம், சக்கரங்களில் உள்ள குறி மட்டும் சேர்ந்தால் போதும். ஒரு பல் தப்பினால் பெரும்பாலும் ஸ்டார்ட் ஆகிவிடும், இழுவை இருக்காது. இரண்டு மூன்று பல் தப்பினால்தான் ஸ்டார்ட்டே ஆகாது.

இன்னொரு வஞ்சகன் கிராங்க் புல்லி. சில புல்லிகளில் உள்வளையத்துக்கும் வெளிவளையத்துக்கும் நடுவே ரப்பர் இருக்கும். வயதான ரப்பரில் வெளிவளையம் நழுவிவிடும், குறியும் அதனோடு போய்விடும். ஆகவே குறியை மட்டும் நம்பாமல் முதல் பிளக் துளையில் ஒரு நீளமான பிளாஸ்டிக் உறிஞ்சுகுழலை விட்டு, அது மேலே ஏறி நிற்கும் இடத்தில் புல்லிக் குறி எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.

ஒரு சுற்று தள்ளி மாட்டிய டிஸ்ட்ரிபியூட்டர்

டிஸ்ட்ரிபியூட்டர் (ஒவ்வொரு பிளக்குக்கும் வரிசையாக ஸ்பார்க்கைப் பிரித்து அனுப்பும் பாகம்) உள்ள எஞ்சினைப் பிரித்துக் கட்டி, அது ஸ்டார்ட் ஆகாமல் திருப்பி அடிக்கிறது என்றால், வேறு எதையும் பார்க்கும் முன் நான் இதைத்தான் பார்ப்பேன். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒரு முழு வேலைக்கு கிராங்க் இரண்டு சுற்று சுற்றுகிறது, டிஸ்ட்ரிபியூட்டர் ஒரு சுற்று. முதல் பிஸ்டன் அதனால் இரண்டு தடவை உச்சிக்கு வருகிறது, ஒன்று கம்ப்ரஷன் முடிவில், இன்னொன்று புகை வெளியேறி முடியும்போது. புல்லிக் குறி இரண்டு தடவையும் ஒரே மாதிரி நேராக நிற்கும். நீங்கள் இரண்டாவதை வைத்து டிஸ்ட்ரிபியூட்டரை மாட்டியிருந்தால், அதன் உள்ளே சுற்றும் ரோட்டார் சரியாக 180 டிகிரி தள்ளி இருக்கும், ஸ்பார்க் எல்லாம் புகை போகும் நேரத்தில் விழும்.

கண்டுபிடிக்க வால்வு கவரைக் கழற்றுங்கள். குறி நேராக நிற்கும்போது முதல் சிலிண்டரின் இரண்டு ராக்கரும் லேசாக ஆடினால் அது கம்ப்ரஷன். ஒன்று மூடிக்கொண்டும் இன்னொன்று திறக்கத் தொடங்கியும் இருந்தால் தப்பான உச்சி. சிலிண்டர்களுக்கு 1-3-4-2 என்ற வரிசையில் ஸ்பார்க் விழும் எஞ்சினில் முதல் சிலிண்டர் கம்ப்ரஷனில் இருந்தால் நான்காவதின் வால்வுகள்தான் இப்படி மாறிக்கொண்டிருக்கும். கவரைக் கழற்ற சோம்பலாக இருந்தால் முதல் பிளக் துளையைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு, ஒருவரைச் சாக்கெட் போட்டு மெதுவாகச் சுற்றச் சொல்லுங்கள், விரலைத் தள்ளிக்கொண்டு காற்று வரும் உச்சிதான் வேண்டும்.

இப்போது டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். ரோட்டார் முதல் ஒயரைப் பார்த்து நிற்க வேண்டும். நான்காவதைப் பார்த்து நின்றால் விஷயம் முடிந்தது. அவசரத்துக்கு ஒயர்களை எதிரெதிர் மாற்றிப் போட்டும் ஓட்டிவிடலாம், 1-ஐ 4-க்கும் 3-ஐ 2-க்கும், ஆனால் அடுத்து அந்த வண்டியைத் தொடுகிறவர் உங்களைத் திட்டித் தீர்ப்பார். கழற்றி முறையாக மாட்டுங்கள். மாட்டும்போது அடியில் உள்ள பல் சாய்வாக இருப்பதால் டிஸ்ட்ரிபியூட்டர் கீழே இறங்க இறங்க ரோட்டாரும் திரும்பும், அந்தத் திருப்பத்தைக் கணக்குப் பண்ணி கொஞ்சம் தள்ளி வைத்து இறக்க வேண்டும்.

ரோட்டார் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்பதையும் பாருங்கள், எஞ்சினுக்கு எஞ்சின் மாறும். தப்பான திசையில் வரிசை போட்டால் 1-ம் 4-ம் சரியாக விழும், 3-ம் 2-ம் இடம் மாறிவிடும். எஞ்சின் பிடிப்பதுபோல் பிடித்து, உதறி, திருப்பி அடித்துச் செத்துப்போகும். பாயிண்ட் (காயிலின் மின்சாரத்தைத் துண்டித்து ஸ்பார்க் வரவைக்கும் சின்ன சுவிட்ச்) வைத்த எஞ்சினில் நிலையான டைமிங்குக்கு, முதல் சிலிண்டரை கம்ப்ரஷன் உச்சிக்குச் சுமார் 10 டிகிரி முன்னால் நிறுத்தி, பாயிண்டுக்குப் போகும் ஒயருக்கும் எர்த்துக்கும் நடுவே ஒரு டெஸ்ட் லேம்ப் போட்டு, இக்னிஷனை ஆன் செய்து, டிஸ்ட்ரிபியூட்டரை மெதுவாகத் திருப்புங்கள். பாயிண்ட் திறக்கும் அந்தக் கணத்தில் விளக்கு எரியும், அங்கேயே இறுக்குங்கள். ஸ்டார்ட் ஆக இது போதும்.

ஸ்பார்க்

ஒயரில் ஒரு பிளக்கைச் செருகி, அதன் உடல் பிளாக்கில் நன்றாகப் படும்படி வைத்துப் பாருங்கள், பிளக் துளைகளுக்குப் பக்கத்தில் வேண்டாம், பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ளும். நீலமாக, சடசடவென்று குதிக்க வேண்டும். மங்கலான ஆரஞ்சு என்றால் வெளியே குதிப்பதே கம்ப்ரஷனுக்குள் குதிக்காமல் போகலாம். எலக்ட்ரானிக் இக்னிஷனில் ஒயரை எர்த் இல்லாமல் தொங்கவிட்டு அடிக்காதீர்கள், காயிலும் மாட்யூலும் போகும். ஸ்பார்க்கே இல்லை என்றால் காயிலின் பிளஸ்ஸில் 12 வோல்ட் வருகிறதா பாருங்கள், சாவியை ஆன் நிலையில் வைத்தும், செல்ஃப் அடிக்கும்போதும் இரண்டு தடவை. ஆனில் வந்து செல்ஃபில் காணாமல் போகும் வண்டிகளும் உண்டு. பாயிண்டின் உள்ளே போகும் சின்ன ஒயர், இன்சுலேட்டர் வாஷர் மாற்றி மாட்டியதால் எர்த் ஆவது ரொம்ப சகஜம். இருசக்கர வண்டியில் மேக்னெட் வீலை கிராங்க்கில் நகராமல் பிடிக்கும் சாவித் துண்டு வெட்டுப்பட்டிருந்தால் ஸ்பார்க் இருக்கும், நேரம் இருக்காது.

பெட்ரோல்

அடித்து முடித்ததும் ஒரு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, காய்ந்திருந்தால் வரவில்லை. கார்புரேட்டர் என்றால் எஞ்சின் நிற்கும்போது வாய்க்குள் பார்த்துக்கொண்டு ஆக்ஸிலேட்டர் கம்பியை இழுங்கள், மெல்லிய பீய்ச்சல் தெரிய வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது மட்டும் முகத்தை அங்கே கொண்டுபோகாதீர்கள், திருப்பி அடித்தால் புருவம் போகும். பம்ப்பின் உள் வழியும் வெளி வழியும் மாறிப்போவது, மாதக்கணக்கில் டேங்கில் கிடந்த பழைய பெட்ரோல், இவை இரண்டும்தான் வழக்கமான குற்றவாளிகள். நனைந்து ஊறிப்போன எஞ்சினுக்கு பிளக்கைத் துடைத்து, ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு அடியுங்கள். இன்ஜெக்ஷன் வண்டிகளிலும் பெரும்பாலும் இதுவே, முழுக்க மிதித்தால் இசியூ இன்ஜெக்டரை மூடிவிடும்.

சென்சார் உள்ள எஞ்சின்

ஸ்பார்க்கும் இல்லை, இன்ஜெக்டரும் துடிக்கவில்லை, இரண்டும் ஒன்றாகக் காணோம் என்றால் இரண்டையும் தனித்தனியாகத் தேடாதீர்கள். கிராங்க் சென்சாரிலிருந்து சிக்னல் வராவிட்டால் இசியூவுக்கு எஞ்சின் சுற்றுவதே தெரியாது, அது எதையும் கொடுக்காது. ஸ்கேனரில் செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் பூஜ்யமாகவே நின்றால் அதுதான். கப்ளர் மாட்டவில்லை, கேம் சென்சாரோடு மாறிவிட்டது, எக்ஸாஸ்டில் பட்டு ஒயர் உருகிவிட்டது, சென்சார் முழுசாக உட்காரவில்லை, இதில் ஒன்றாக இருக்கும். ஆர்பிஎம் வருகிறது, இன்னும் ஒன்றும் இல்லை என்றால் மெயின் ரிலே, ஃப்யூஸ், இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்பு) விளக்கு இவற்றைப் பாருங்கள்.

டீசல் என்றால்

டீசலில் சைலன்சர்தான் மீட்டர். அடிக்கும்போது வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, எரியவில்லை, அதாவது ஹீட்டர் பிளக், கம்ப்ரஷன், பம்ப் டைமிங். பம்ப்பும் கிராங்க்கில் பாதி வேகத்தில்தான் சுற்றுகிறது, மேலே சொன்ன 180 டிகிரி கதை இங்கேயும் உண்டு. புகையே இல்லை என்றால் லைனில் ஏர். பழைய வகை பம்ப்பில் நாசில் பக்க நட்டைத் தளர்த்தி, குமிழி நின்று டீசல் வரும்வரை அடித்து, இறுக்கலாம். காமன் ரெயிலில் (எல்லா நாசிலுக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாய் உள்ள புது வகை) இதைச் செய்யவே கூடாது, 1000 பாருக்கு மேல் போகக்கூடிய அழுத்தம் அது, மெல்லிய பீய்ச்சல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

பிடித்ததும்

கடைசி முயற்சிக்கு முன், இவ்வளவு சோதனையில் உள்ளே இறங்கிய பெட்ரோலை நினைத்து டிப்ஸ்டிக்கை மோந்து பாருங்கள். பெட்ரோல் நெடி இருந்தால் ஆயிலை மாற்றுங்கள். பிளக் இல்லாமல் 10 விநாடி, ஆற விட்டு இன்னொரு 10 என்று அடித்து, ஆயில் விளக்கு அணைந்தபிறகே பிளக்கை மாட்டுங்கள்.

எஞ்சின் பிடித்ததும் கொண்டாட்டத்தில் ஐடிலில் விட்டுவிடாதீர்கள். தட்டை டேப்பட் உள்ள புதுக் கேம் என்றால் நேராக 2000 ஆர்பிஎம்முக்கு ஏற்றி, கொஞ்சம் ஏற்றி இறக்கிக்கொண்டே 20 நிமிடம் வைத்திருக்க வேண்டும். ரோலர் டேப்பட்டுக்கு இந்தச் சடங்கு தேவையில்லை. ஒருவர் ஆக்ஸிலேட்டரைப் பிடிக்கட்டும், நீங்கள் ஆயில் அழுத்தத்தையும் சூட்டையும் பாருங்கள். ஆயில் விளக்கு திரும்ப எரிந்தால் உடனே அணையுங்கள். 20 நிமிடம் முடிந்து எஞ்சின் முழுக்க ஆறியதும் ரேடியேட்டரைத் திறந்து பார்த்தால், ஏர் வெளியேறியதில் தண்ணீர் இறங்கியிருக்கும். அதை நிரப்பிவிட்டு டைமிங் லைட்டை எடுங்கள்.